டேனியல் மெதுவாக ஓட்டி வந்த படகு

டேனியலுக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதும் இல்லை. ஆனாலும் பழவேற்காட்டிலிருந்து பரங்கிப்பேட்டை வரை கடலோரக் குப்பங்களில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. படகை ரோட்டில் கொண்டுபோகிறவர் அவர்.

தாம்பரம் லாரி ஸ்டாண்டில் அவருடைய ஐஷர் வண்டி நிற்கும். கல்லூரி திறக்கும் மாதங்களில் பொத்தேரி, காட்டாங்குளத்தூர் விடுதிகளுக்குக் கட்டிலும் பீரோவும் ஏற்றுவார். மற்ற மாதங்களில் மேடவாக்கத்தில் வீடு மாற்றுகிறவர்களின் சோபா, வாஷிங் மெஷின். இவற்றுக்கு நடுவே படகு.

சுனாமிக்குப் பிறகு குப்பங்களுக்கு நிறைய புதுப் படகுகள் வந்த காலத்தில்தான் அவர் இதில் நுழைந்தார். முதல் படகை நெல் மூட்டை கட்டுகிற மாதிரி குறுக்கே இறுக்கிக் கட்டினார். கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் படகின் ஓரத்தில் விரிசல் விட்டுவிட்டது. ஃபைபர் படகு பார்க்கத்தான் முரடு. கயிறு தப்பான இடத்தில் அழுத்தினால் முட்டை ஓடு மாதிரி விரியும். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. படகுக்கு அடியில் படுத்துப் பார்த்தார், விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். எங்கே எலும்பு ஓடுகிறது, எங்கே வெறும் தோல் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. அடியில் பழைய டயர், இரண்டு பக்கமும் சாக்கு, கயிறு எப்போதும் எலும்பின் மேல். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, தளர்ந்த கயிற்றை மறுபடியும் இறுக்குவார். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் சிவப்புத் துணி. சொன்ன நேரத்துக்குள் படகு கரையில் இருக்கும். அவர் பெயர் பரவியது அதனால்தான்.

புதுப் படகு அல்லாத இன்னொரு வகையும் அவரிடம் வரும். கடலில் ஆள் காணாமல் போய், படகு மட்டும் எங்கோ ஒரு கரையில் ஒதுங்கும். அதை அந்த ஊர்க்காரர்கள் பத்திரமாக இழுத்துப் போட்டு, படகில் எழுதியிருக்கும் எண்ணை வைத்து விசாரித்து, சொந்த ஊருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அதைப் போய் எடுத்து வர டேனியலைக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட சவாரிக்கு அவர் தனக்கென்று இரண்டு விதி வைத்திருந்தார். படகுக்குள் இருக்கிற எதையும் தொடமாட்டார். ஆள் கிடைத்தானா என்று கேட்கமாட்டார்.

போன ஐப்பசியில் வந்த சவாரியில் இரண்டையுமே அவரால் காப்பாற்ற முடியவில்லை.

கூப்பிட்டவர் வெற்றிவேல். ஈஞ்சம்பாக்கத்துக்கும் உத்தண்டிக்கும் நடுவில் உள்ள ஒரு குப்பத்துக்காரர். அவரும் தம்பி கதிரேசனும் சேர்ந்து வாங்கிய சின்னப் படகு அது. வழக்கமாக இரண்டு பேரும் சேர்ந்துதான் நண்டு வலைக்குப் போவார்கள். அன்றைக்கு வெற்றிவேலுக்குக் காய்ச்சல். கதிரேசன் தனியாகப் போனான், திரும்பவில்லை. நாலைந்து நாள் கழித்து, மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் படகு மட்டும் ஒதுங்கியிருக்கிறது என்று போன் வந்தது.

"மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துருண்ணா," என்றார் வெற்றிவேல். "ஊரே வலைய மடிச்சி வெச்சிட்டு அவனத்தான் தேடிகினு கீது. எத்தினி நாளைக்கு அவங்க வூட்ல அடுப்பு எரியாம கெடக்கும்? என்னால அவங்க மூஞ்ச பாக்க முடில."

டேனியல் சரி என்றார். விடிந்ததும் மரக்காணம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

படகு கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. அந்தக் குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர் சோப்புத் தூளும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். மணல், நண்டு ஓடு, பாசி ஒன்றும் இல்லை. அடுத்த ஊர்ப் படகை அழுக்கோடு திருப்பி அனுப்புவது அவர்களுக்கு அவமானம். அதிலும் ஆள் இல்லாத படகு.

"எல்லாம் போயிடுச்சுங்க," என்றாள் ஒருத்தி, கையை உதறிக்கொண்டே. "முன்பக்கம் உள்ளார தண்ணியில கலைஞ்ச கரி அப்பியிருந்துச்சு. அதத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கை ஓஞ்சு போச்சு. இன்னும் லேசா நிக்குது. தப்பா நினைக்க வேணாம்னு சொல்லுங்க."

டேனியல் தலையாட்டினார். ஆண்கள் தோள் கொடுத்துப் படகை வண்டியில் ஏற்றினார்கள். எஞ்சின் இல்லை. எஞ்சினை மாட்டும் பின்பலகை மொட்டையாக இருந்தது. கடல் கொண்டுபோயிருக்கும், இல்லையென்றால் நடுக்கடலில் யாராவது கழற்றியிருப்பார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

மரக்காணம் கூட்டு ரோட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது போன் அடித்தது. புது எண்.

"டேனியல் அண்ணாவா? நான் கதிரேசன் வூட்டுக்காரம்மா பேசறேன். தீபலட்சுமி."

"சொல்லும்மா."

"படகு ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சு."

"எஞ்சின் இல்லன்றாங்களே. மெய்யா?"

"மெய்தாம்மா. எஞ்சின் இல்ல."

"எஞ்சினுக்குக் காவலா ஒரு பச்சக் கயிறு கட்டியிருக்கும். அது கீதா, போயிடுச்சா? கொஞ்சம் பாத்து சொல்லுண்ணா."

டீயை வைத்துவிட்டு அவர் வண்டி மேல் ஏறினார். பின்பலகைக்குக் கீழே ஓர் இரும்பு வளையம். அதில் பச்சைக் கயிற்றின் ஒரு முனை கட்டப்பட்டு, மீதி சுற்றிச் செருகப்பட்டிருந்தது. கழுவிய பெண்கள் அதை அப்படியே விட்டிருந்தார்கள்.

"கீதும்மா. வளையத்துலயே கீது."

"முனைய பாரு. அறுத்துகீதா, அவுத்துகீதா?"

டேனியல் கயிற்றின் முனையை எடுத்து விரலில் உருட்டினார். கயிறு அவருக்குத் தெரிந்த பொருள். அறுந்த முனை பஞ்சு மாதிரி விரியும், கத்தி பட்ட முனை மொட்டையாக நிற்கும். இது இரண்டுமில்லை. தீயில் உருக்கி மூடிய பழைய முனை அப்படியே இருந்தது.

"அவுத்துகீது. அவுத்து அழகா சுத்தி வெச்சிகீது."

அவள் குரல் வேறு மாதிரி வந்தது.

"அண்ணா, அந்த முடிச்ச அவுக்க அவர வுட்டா யாருக்கும் தெரியாது. அவங்க அண்ணனுக்கே தெரியாது. நானே எத்தினி தபா கத்தி எடுத்துகினு போயி திட்டு வாங்கிகீறேன். திருடன் வந்தா அறுப்பான். அலை அடிச்சா பிச்சிக்கும். இத அவருதான் அவுத்துகீறாரு. எஞ்சின எடுத்துகினு வேற ஏதோ படகுல ஏறிகீறாரு."

"இத வெற்றிவேல் கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். மனச போட்டுக் கொழப்பிக்காதம்மான்றாரு. படகு வந்துட்டா ஊர் பெரியவங்க கரையில கவுத்துப் போட்டுருவாங்கண்ணா. அப்பறம் யாரும் தேட மாட்டாங்க."

வெற்றிவேலின் குப்பத்தில் அப்படி ஒரு வழக்கம். ஆள் இல்லாமல் வீடு திரும்பும் படகை மணலில் கவிழ்த்துப் போடுவார்கள். அதோடு தேடல் முடிந்தது. மறுநாள் எல்லாப் படகும் தொழிலுக்குப் போகும், அந்த வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்வார்கள். படகு வரும் வரை மட்டும் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

"உன்ன ஒண்ணு கேக்கறேன்," என்றாள் தீபலட்சுமி. "நீ கொஞ்சம் மெதுவா வாண்ணா."

டேனியல் ஆறிப்போன டீயைக் குடித்தார். நேரே வடக்கே, கடலோரமாக ஈசிஆர். அதில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் குப்பம். இடது பக்கம் திண்டிவனம் ரோடு. அதில் போய், ஜிஎஸ்டி ரோடு பிடித்து, செங்கல்பட்டு, தாம்பரம் என்று ஊரெல்லாம் சுற்றித்தான் கடற்கரைக்கு வர முடியும். படகோடு அந்த வழியாக யாரும் போகமாட்டார்கள்.

அவர் இடது பக்கம் திருப்பினார்.

பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அதனால் சொன்னால் பொய்யாகாத ஒரு காரியத்தைச் செய்தார். கயிறு இறுக்கினார். திண்டிவனத்தில் ஒரு தடவை. அச்சரப்பாக்கத்தில் எல்லாக் கயிற்றையும் அவிழ்த்து, சாக்கை உதறிப் போட்டு, மறுபடி கட்டினார். மதுராந்தகம் ஏரிக்கரையில் புளிய மரத்தடியில் நிறுத்தி, டயரைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளினார். படகு ஓர் அங்குலம்கூட அசையவில்லை என்பது அவருக்கே தெரியும்.

அங்கே வெற்றிவேல் கூப்பிட்டார். "எங்கண்ணா கீற?"

"மதுராந்தகம்."

"மதுராந்தகமா? ஈசிஆர் வுட்டுட்டு அங்க இன்னாத்துக்குப் போன?"

"கயிறு இறுக்கிகினு கீறேன்பா."

"நீயா லேட்டு பண்ற? ஊரே கரையில நிக்குது."

"வந்துகினே கீறேன்."

பொத்தேரி தாண்டும்போது கல்லூரி விட்டுப் பிள்ளைகள் ரோட்டை நிறைத்திருந்தார்கள். படகைப் பார்த்ததும் பலர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். வண்டலூரில் நெரிசல். வாழ்க்கையில் முதல் தடவையாக நெரிசலைப் பார்த்து டேனியலுக்குச் சந்தோஷமாக இருந்தது. தாம்பரம் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நேரே குப்பத்துக்குப் போவதற்குப் பதிலாக முடிச்சூரில் இருக்கும் தன் வீட்டுக்கு வண்டியை விட்டார்.

அதன் விளைவை அவர் யோசிக்கவில்லை. ஐப்பசி மாதம், காலையிலிருந்து மூட்டமான வானம், முடிச்சூர்த் தெருவில் ஒரு படகு வந்து நிற்கிறது. வெள்ளம் பார்த்த ஊர் அது.

எதிர் வரிசையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி தோத்தாத்ரி முதலில் வந்தார். "டேனியல், ஏரி திறக்கப் போறாங்களா? ஆபீஸ் சைடுல ஏதாவது இன்ஃபர்மேஷன் வந்ததா?"

"அதெல்லாம் இல்ல சார். இது வேற படகு."

"வேறன்னா? இது ரெஸ்க்யூவுக்கு இல்லையா?"

அதற்குள் ஸ்டாண்டு நண்பர் குப்பன் வந்துவிட்டார். அவருக்கு இப்படி ஒரு வாய்ப்பு போதும். "மாடி இருக்கறவங்களுக்கு எடம் இல்ல சார். கீழ் வூட்டுக்காரங்கதான் மொதல்ல. பேரு குடுத்துட்டுப் போங்க."

"மச்சான், சும்மா இருக்க மாட்ட நீ?" என்றார் டேனியல்.

தோத்தாத்ரி சிரித்துவிட்டுத்தான் போனார். ஆனால் சற்று நேரத்தில் அவருடைய கார், வெள்ளம் எட்டாத இடமாகப் பார்த்து, மேம்பாலத்துப் பக்கம் கிளம்பியது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு கார்கள். தெருவில் ஸ்கூட்டர்கள் ஒவ்வொன்றாகத் வாசல் படிமேல் ஏறின.

பொத்தேரி விடுதியில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்த அவர் மனைவி ஷீலா, வாசலில் படகைப் பார்த்து நின்றாள். "லோடு எடுத்துகினு நேரா வூட்டுக்கு வந்து நான் பாத்ததே இல்லயே. வண்டி கெட்டுப்போச்சா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்ததும் ஷீலா, "அந்தாளு அண்ணங்காரன் கிட்டயும் சொல்லிரு. அவன் கூடப் பொறந்தவன். கயிறு கதையே எத்தினி நேரம் சொல்லிகினு இருப்ப?" என்றாள்.

வெற்றிவேலின் அடுத்த போனுக்கு அவர் காத்திருக்கவில்லை. தானே கூப்பிட்டார். "நான் வேணும்னுதான்பா லேட்டு பண்ணேன். உன் தம்பி பொண்டாட்டி மெதுவா வரச் சொல்லிச்சி. கயித்த நான் கையில புடிச்சுப் பாத்தேன். அறுக்கல, அவுத்துதான் கீது. படகு முடிச்சூர்ல என் வூட்டாண்டதான் நிக்குது."

வெற்றிவேல் கத்துவார் என்று நினைத்தார். கத்தவில்லை.

"அன்னிக்கி நான் கூடப் போயிருக்கணும்ணா," என்றார் வெற்றிவேல். "காச்ச ஒண்ணும் பெருசா இல்ல. சோம்பல். அதான் சீக்கிரமா முடிஞ்சா போதும்னு தோணிச்சி." பிறகு, "படகு இன்னிக்கி வரல, நாளைக்கும் தேடலாம்னு பெரியவங்க கிட்ட சொல்லிடறேன். நீ அங்கயே நிறுத்திக்க," என்றார்.

மறுநாள் காலை டேனியல் ஏற்ற வேண்டிய சோபா லோடைக் குப்பன் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். டேனியல் வாசலில் உட்கார்ந்து படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேசாகத் தூறியது. உள்ளே தண்ணீர் தேங்கக் கூடாதென்று தார்ப்பாயை எடுத்து மூடினார்.

முன்பகல் இருக்கும், வெற்றிவேலின் எண்ணிலிருந்து போன். எடுத்தால் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். பின்னால் நிறையப் பேர் பேசும் இரைச்சல். போன் கை மாறியது.

"நான் ராஜகோபாலன் பேசறேன். இங்க கரையில ஐஸ் கட போட்டுகீறவன். வெற்றிவேலுக்குப் பேச வரல, அதான் நான். ஆளு கீறான்பா. கதிரேசன் உசுரோட கீறான்."

டேனியல் எழுந்து நின்றார்.

"கொஞ்ச நேரம் முன்ன எனக்கு போன் வந்துது. நான் யாரோ ஐஸ் கேக்கறான்னு, எத்தினி ஐஸ் பாரு வேணும்னு கேட்டேன். 'கதிரேசன்பா, பாரு கீரு ஒண்ணும் வேணாம், எங்க வூட்ல கூப்புடு'ன்றான். போன கையில புடிச்சிகினே அவங்க வூட்டுக்கு ஓடனேன். எஞ்சின் நின்னு போயி, நாகப்பட்டணத்து விசைப்படகு ஒண்ணு அவனையும் எஞ்சினையும் ஏத்திகினு போயிகீது. அவங்க மீன் புடிச்சி முடிச்சி இன்னிக்கித்தான் கரைக்கு வந்தாங்களாம். அவங்க வயர்லெஸ் ரிப்பேராம். இவன் போன் தண்ணில முங்கிடுச்சி. பொண்டாட்டி நம்பர் தெரியாது, அண்ணன் நம்பர் தெரியாது. என் கட நம்பர் மட்டும் தெரியுமாம். செவுத்துல அம்மாம் பெருசா எழுதி வெச்சிகீறேன் இல்ல, தெனம் அதத்தான பாக்கறான்."

"இப்ப எங்க கீறான்?"

"ரயில் ஏறிட்டான். தாம்பரத்துல எறங்குறான். படகு அங்கதான் கீதுன்னு சொன்னேன். நான் எஞ்சினோடதான் வரேன், அந்த லாரிய நிக்க சொல்லுன்னான்."

டேனியல் போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். ஷீலா வேலைக்குப் போயிருந்தாள். சொல்ல ஆள் இல்லாமல் மறுபடி வாசலுக்கு வந்தார். எதிர் வீட்டில் தோத்தாத்ரி தோட்டத்துச் சாக்கடையைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"சார், காரை எடுத்துட்டு வந்துருங்க," என்றார் டேனியல். "படகுக்காரன் கெடச்சிட்டான்."

மாலையில் டேனியல் படகு ஏற்றிய வண்டியோடு தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நின்றார். இறங்கிய கூட்டம் எல்லாம் போன பிறகு ஒரு ஆள் வந்தான். யாரோ கொடுத்த பெரிய சட்டை, உப்பில் வெடித்த உதடு, தோளில் சாக்குச் சுற்றிய எஞ்சின். நாலடி வைத்து இறக்கி, மறுபடி தூக்கி, நாலடி வைத்தான்.

"டேனியல் அண்ணாவா?" என்றான். "டிடிஆர் கிட்ட இது தையல் மெஷின்னு சொல்லிகினு வந்தேன். மோந்து பாத்துட்டு, தையல் மெஷின் மண்ணெண்ணெ குடிக்குமான்றாரு. எறக்கி வுடலைண்ணா, நல்ல மனுசன்."

லாரியைப் பார்த்ததும் எஞ்சினை அப்படியே வைத்துவிட்டு ஏறினான். படகின் ஓரத்தைத் தடவியபடி முன்பக்கம் வரை போய், குனிந்து உள்ளே பார்த்தான். தலையைத் தூக்கினான்.

"யார்ணா கழுவனது?"

"அந்த ஊர்ப் பொம்பளைங்க. ஏன்?"

"விசைப்படகு அடுப்புலர்ந்து கரி வாங்கி இங்க பெருசா எழுதி வெச்சேன். கதிரேசன், உசுரோட கீறேன், நாகப்பட்டணம் போட்டுல கீறேன்னு. இழுத்துகினு போற கயிறு அறுந்தா படகு எங்கனா ஒதுங்கும், பாக்கறவங்க தெரிஞ்சிக்கட்டும்னுதான். நெனச்ச மாதிரியே அறுந்துச்சி."

டேனியலும் குனிந்து பார்த்தார். மங்கலான ஒரு கறை. எழுத்து என்று சொன்னால் எழுத்து மாதிரி, சொல்லாவிட்டால் வெறும் அழுக்கு. தேங்காய் நார் கோடு கோடாகத் தெரிந்தது.

"கை ஓயத் தேச்சாங்களாம்," என்றார் டேனியல். "முழுசா போகல, தப்பா நெனச்சிக்க வேணாம்னு சொல்லி அனுப்பினாங்க."

கதிரேசன் அவரைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். உதடு வலித்து, கையால் வாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டேனியலும் லாரிப் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

கதிரேசன் எஞ்சினைப் பலகையில் மாட்டி, பச்சைக் கயிற்றைக் கட்டினான். இத்தனை வருஷம் கயிற்றோடு புழங்கிய டேனியல் பக்கத்தில் நின்று பார்த்தார். பிடிபடவில்லை. இன்னொரு தடவை கட்டச் சொன்னார். அப்போதும் பிடிபடவில்லை.

"வூட்ல கூட இதான்ணா கத," என்றான் கதிரேசன்.

கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியாகப் போனார்கள். மேடவாக்கத்தில் முன்னும் பின்னும் தண்ணீர் லாரிகள். நடுவில் படகு நின்று நின்று நகர்ந்தது. இந்தத் தடவை டேனியல் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. சோழிங்கநல்லூர் தாண்டி ஈசிஆரில் ஏறிக் குப்பத்துச் சந்துக்குத் திரும்பும் இடத்தில் கதிரேசன், "நிறுத்துண்ணா. நான் படகுல ஏறிக்கறேன்," என்றான்.

லோடு மேல் ஆளை ஏற்றுவது டேனியலிடம் கிடையாது. கேட்டவர்களைத் திட்டி இறக்கியிருக்கிறார். அவர் இறங்கி, கயிறுகளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இந்தத் தடவை நிஜமாகவே. "ஒக்காந்துகினு வரணும். எழுந்து நிக்கக் கூடாது," என்றார்.

கரையில் ஊரே நின்றது. தேடப் போன படகுகள் திரும்பி மணலில் வரிசையாக இருந்தன. சந்து முனையில் லாரி தெரிந்ததும், அதன் மேல் படகும், படகுக்குள் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளும் தெரிந்ததும், பேச்சு நின்றது. வெற்றிவேல் ஓடி வந்து லாரியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

கிழவர் ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏண்டா, கடல்ல போனவன் ஊர் வந்து சேர மேடவாக்கம் வழியா வர்ற. நாங்க தண்ணியில தேடிகினு கீறோம்."

கரை முழுக்கச் சிரித்தது. இளவட்டங்கள் தோள் கொடுத்துப் படகை இறக்கி, கவிழ்க்காமல், அப்படியே அலை வரை இழுத்துக்கொண்டு போனார்கள். கதிரேசன் அதிலிருந்து குதித்து மணலில் நின்றபோது தீபலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், பிறகு எஞ்சினில் இருந்த பச்சை முடிச்சைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, வண்டியடியில் டயர்களைச் சேர்த்துக்கொண்டிருந்த டேனியல் பக்கம் திரும்பினாள்.

"மெதுவா வான்னுதான சொன்னேன்," என்றாள். "இம்மாம் மெதுவாவா வருவ?"

"கயிறு இறுக்கிகினு இருந்தேன்மா," என்றார் டேனியல். சிவப்புத் துணியை அவிழ்த்து, மணலை உதறி மடித்தார்.